முள்ளம்பன்றிப் பாதையும் சிவப்புக் குமிழும்

சத்தியம்! சத்தியத்துக்கு மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், வாயில் மிச்சம் இருக்கிற பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். மிருகம் பேசுமா, கொக்கு பத்திரிகை நடத்துமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், டீக்கடை திறந்துதான் இருக்கிறது. மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். புருஷன் பெயர் கூரப்பன். அவர்கள் குடியிருந்த வளைக்கு ஒரே வாசல், அதுவும் ஒரு பாதையைப் பார்த்த வாசல். பாதையின் ஒரு முனையில் அவர்களுடைய கிழங்குக் கொல்லை. மறுமுனையில், மேட்டின்மேல், கரடி வைத்தியரின் வைத்தியசாலை. பாதைக்கு இந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, அந்தப் பக்கம் ஆறு. ஆகவே காட்டில் யாருக்குப் பல் வலித்தாலும், வயிறு உப்பினாலும், பிள்ளைவலி எடுத்தாலும் சடைச்சி வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. போகிறவர்கள் "என்ன சடைச்சி, சாப்பிட்டாச்சா?" என்பார்கள். "ஆச்சு, நீங்க?" என்பாள். அவ்வளவுதான் அந்தப் பாதையின் வரலாறு.

அந்த வருஷம் காட்டில் அரிப்பு வந்தது.

வராமல் என்ன செய்யும்? பூனைக்காலிக் கொடி காய்த்து வெடிக்கிற பருவம், காற்றெல்லாம் அதன் அரிக்கிற சுணை. வருஷாவருஷம் வருவதுதான், அந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி. மான் மரத்தில் தேய்த்தது. காட்டெருமை பாறையில் தேய்த்தது. பாறை கிடைக்காதவர்கள் காட்டெருமைமேல் தேய்த்தார்கள்.

காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். நம் பக்கத்துக் காட்டில் ஏது சிங்கம் என்று கேட்பீர்கள். இது வடக்கேயிருந்து டெபுடேஷனில் வந்த சிங்கம். வேட்டையாடுவதைவிட அறிக்கை அனுப்புவதில்தான் அதற்கு அக்கறை. 'அரிப்புக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்?' என்று மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டு, முனைவர் அம்பலவாணரைக் கூப்பிட்டு அனுப்பியது. 

அம்பலவாணர் ஒரு தேவாங்கு. பாதைகளைப் பற்றி ஆராய்ந்து பெரிய பெயர் வாங்கியவர். ஆனால் பிறந்ததிலிருந்து மரத்தைவிட்டு இறங்கியதில்லை. பாதையில் நடந்து பார்த்தவன் பாதையைப் பற்றி நடுநிலையாக எழுத முடியாது என்பது அவர் கட்சி. பகலில் கண் கூசும் என்பதால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டேதான் ஆராய்ச்சி செய்வார். குடியிருப்பு, வைத்தியசாலை வாசலில் நிற்கும் நாவல் மரம்.

அவரிடம் ஒரு கணினி இருந்தது. மலையேற வந்தவர் யாரோ மறந்து விட்டுப்போனது. காட்டில் அதற்குச் சார்ஜ் எப்படி ஏறியது என்று கேட்கிறவர்களும் டீக்கடைக்கே போகலாம். அதில் 'பாதைச் செறிவு ஆய்வு' என்று ஒரு வித்தை உண்டு. நோய் வந்தவர்களின் பெயர்களைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால், அவர்கள் எந்தப் பாதையில் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறார்கள் என்று சொல்லும். வாயால் சொல்லாது, வண்ணக் குமிழாகக் காட்டும். குற்றமில்லாத பாதைக்கு வெளிறிய சின்னக் குமிழ். சந்தேகப் பாதைக்குச் சிவந்த பெரிய குமிழ்.

அம்பலவாணர் கிளையில் படுத்தபடியே, வைத்தியசாலை வாசலில் சொறிந்துகொண்டு நின்றவர்களின் பெயரையெல்லாம் கணினிக்குக் கொடுத்தார். அழுத்தினார். முள்ளம்பன்றிப் பாதைமேல், பழுத்த தக்காளி மாதிரி ஒரு குமிழ் எழும்பியது.

'வன விஞ்ஞானம்' இதழில் கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர் ஒரு கொக்கு. குமிழ்ப் படத்தைப் பார்த்ததும் ஊன்றியிருந்த காலை மாற்றி ஊன்றினார். அவர் கால் மாற்றினால் கட்டுரை ஏற்கப்பட்டது என்று அர்த்தம். சிங்கமும் படத்தைப் பார்த்தது. எழுத்துப் பக்கம் பார்வையே போகவில்லை.

"இவ்வளவு சிவப்பா?" என்றது. "மூடு அந்தப் பாதையை!"

மரங்கொத்தி ஒவ்வொரு மரமாகத் தட்டித் தண்டோரா போட்டது. "வருகிற அமாவாசையோடு முள்ளம்பன்றிப் பாதை மூடப்படும்! இரு முனையிலும் கல் அடுக்கப்படும்! டொக் டொக் டொக்!"

வளைக்குள் கூரப்பன் கிழங்கைக் கீழே வைத்தான். கல்யாணமானதிலிருந்து அவன் கிழங்கைக் கீழே வைத்துச் சடைச்சி பார்த்ததில்லை.

"மூடிட்டா நாம எப்படிங்க வெளியே போறது?" என்றாள்.

"நம்மளை யாரு வெளியே போகச் சொன்னாங்க?"

"சரி, வைத்தியசாலைக்கு ஜனங்க எப்படிப் போவாங்க?"

"அதையும் கேட்டேன். பாதை இல்லேன்னா அரிப்பு வராதாம். அரிப்பு வரலேன்னா வைத்தியர் எதுக்குங்கிறான் மரங்கொத்தி."

"பிள்ளைவலி?"

"அதுக்கு இன்னும் கட்டுரை வரலையாம்."

சடைச்சி தேக்கிலையில் அச்சடித்த இதழை எடுத்துக்கொண்டு நேரே நாவல் மரத்தடிக்குப் போனாள்.

"ஐயா! என் பாதையில நடந்தா அரிப்பு வரும்னு எழுதியிருக்கீங்களே, நாங்க பரம்பரையா நடக்கிறோமே?"

அம்பலவாணர் ஒரு கண்ணைத் திறந்தார். "நடந்தா வரும்னு நான் எங்கம்மா எழுதினேன்? அரிப்பு வந்தவங்க அந்தப் பாதையில செறிவா இருக்காங்கன்னுதான் எழுதினேன்."

"ரெண்டும் வேறயா?"

"ரொம்ப வேற. ராஜாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நானும் சொல்லலை."

"செறிவா இருக்காங்கன்னு எப்படிங்க கணக்குப் பார்த்தீங்க?"

"கட்டுரையில போட்டிருக்கேனே. படிக்கிற பழக்கம் உண்டில்ல?"

சடைச்சி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதி இலைக்குக் குமிழ்ப் படம். கால் இலைக்கு, பாதை ஆராய்ச்சி இந்த உலகத்துக்கு ஏன் அவசியம் என்ற விளக்கம். மிச்சத்தில், கணினி மரத்திலிருந்து விழாமல் பிடித்துக்கொண்ட மைத்துனருக்கு நன்றி. அந்த நன்றிக்கு மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'முன்னர் விவரிக்கப்பட்ட முறையில் ஆய்வு செய்யப்பட்டது.'

"முன்னர் யாருங்க விவரிச்சது?"

"கீரி சங்கிலி. போன வருஷக் கட்டுரை. அருமையான பையன், எல்லாம் எழுதியிருப்பான்." கண்ணை மூடிக்கொண்டார்.

கீரி சங்கிலி புற்றருகே வெயில் காய்ந்துகொண்டிருந்தான். பாம்புக்கடி எந்தப் பாதையில் அதிகம் என்று கட்டுரை எழுதி, நாணல் பாதையை மூட வைத்தவன் அவன்தான். அங்கே குடியிருந்த காட்டுக்கோழிக் குடும்பம் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"முறையா அக்கா? அது கட்டுரையிலேயே இருக்கே!" என்றான்.

இருந்தது. 'முன்னர் விவரிக்கப்பட்ட முறையில்.'

"தம்பி, நீ யாரைப் பார்த்துச் செஞ்சே? அதைச் சொல்லு."

"ஆமை ஆதிமூலம் ஐயாவை. இந்தக் காட்டுல செறிவு ஆய்வுக்கே அவருதான் அப்பன். எல்லாரும் அவரைத்தான் மேற்கோள் காட்டுவோம்."

"நீ அவர் கட்டுரையைப் படிச்சிருக்கியா?"

சங்கிலி வாலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "மேற்கோள் காட்டியிருக்கேன்க்கா," என்றான்.

ஆமை ஆதிமூலம் குளத்தோரம், ஓட்டுக்குள் இருந்தார். சடைச்சி ஓட்டைத் தட்டினாள். தலை வெளியே வரவே வெகுநேரம் ஆயிற்று. வந்த பிறகும், கேள்வி உள்ளே போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"முறையா? எழுதினேனே தாயி. விலாவாரியா எழுதினேன். கொக்குதான் இலையில இடமில்லைன்னு சொல்லி அதை வெட்டிட்டு, அந்த இடத்துல என் படத்தைப் போட்டாரு. படம் நல்லா விழுந்திருந்துச்சு."

"பரவாயில்லைங்க ஐயா, இப்ப வாயால சொல்லுங்க."

"இப்ப ஞாபகமில்லையே. சொந்தமா எனக்கு என்ன தெரியும்? நாவல் மரத்துல ஒரு தேவாங்கு இருந்தாரு. அவர்கிட்ட கேட்டு எழுதினேன்."

சடைச்சியின் முதுகில் முள்ளெல்லாம் தானாகவே எழும்பியது. "அம்பலவாணரையா?"

"பேரெல்லாம் கேட்கலை. கண்ணு பெரிசா இருந்துச்சு. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் சடைச்சி தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். அவள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எதிரே வந்த காட்டுப்பன்றிகளே ஒதுங்கி வழிவிட்டன, அவ்வளவுதான் சொல்லலாம். மறுபடியும் நாவல் மரத்தடி.

"ஐயா, கீரி உங்களுக்கு முன்னாடி, ஆமை கீரிக்கு முன்னாடி, ஆமைக்கு முன்னாடி நீங்க. இப்ப சொல்லுங்க, எப்படிச் செஞ்சீங்க?"

அம்பலவாணருக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னையா அவர் மேற்கோள் காட்டினாரு? இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

"ஐயா!"

"சரி சரி, மேல வாங்க, காட்டுறேன்."

முள்ளம்பன்றியால் மரமேற முடியாது. ஆகவே அவரே கணினியை ஒரு கொடியில் கட்டித் தொங்கவிட்டார். சடைச்சி அண்ணாந்து பார்த்தாள். நோயாளிகளின் பெயர்களுக்கு ஒரு கட்டம். அதன் கீழே 'யாரோடு ஒப்பிட வேண்டும்?' என்று இன்னொரு கட்டம். அது காலியாக இருந்தது.

"இதுல என்ன போட்டீங்க?"

"அது விருப்பமிருந்தா நிரப்புறது அம்மா. காலியா விட்டா கணினியே காட்டுல இருக்கிற எல்லா உயிரையும் எடுத்துக்கும். ரொம்பப் பெருந்தன்மையான கணினி."

"எல்லா உயிரும்னா? மீனுமா?"

"மீன், வௌவால், தண்ணிப்பூச்சி, எல்லாம். போன வெள்ளத்துல அடிச்சிட்டுப் போனவங்களும் உண்டு, பேரை இன்னும் எடுக்கலை."

"மீனு எந்தப் பாதையிலங்க நடக்கும்?"

அம்பலவாணர் யோசித்தார். "அது மீன் துறைக்காரங்களைக் கேட்க வேண்டிய கேள்வி," என்றார்.

சடைச்சிக்கு விஷயம் விளங்கிவிட்டது. கணக்கு அவளுக்குத் தெரியாது. ஆனால் தன் வாசலைத் தாண்டி யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று தெரியுமே!

மறுநாளே சிங்கத்தின் சபைக்குப் போனாள். சபையில் நிற்க இடமில்லை. அரிப்புக்காரர்கள் தூணுக்கும் சுவருக்கும் வரிசை போட்டு நின்று முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மகாராஜா, தேவாங்கு ஐயா பார்த்ததெல்லாம் வைத்தியசாலை வாசல்ல நின்னவங்களை மட்டும்தான். வைத்தியசாலைக்கு வர என் பாதையை விட்டா வேற வழியே இல்லை. அரிப்புக்காரரும் அதிலதான் வந்தாரு, பல்வலிக்காரரும் அதிலதான் வந்தாரு. வாசல்ல நின்ன அரிப்புக்காரரை, வாசல்ல நின்ன பல்வலிக்காரரோட ஒப்பிட்டிருந்தா எல்லாரும் ஒரே பாதைதான்னு தெரிஞ்சிருக்கும். இவரு ஆத்து மீனோட ஒப்பிட்டிருக்காரு. நடக்கவே நடக்காத மீனுக்கு முன்னாடி எந்தப் பாதையை நிறுத்தினாலும் அது குத்தவாளியாத்தான் தெரியும், மகாராஜா!"

தேய்த்துக்கொண்டிருந்த காட்டெருமைகூடப் பாதியில் நிறுத்தியது.

சிங்கம் தாடியைத் தடவிக்கொண்டது. "நல்லாப் புரியற மாதிரி சொன்னே. எனக்கே புரிஞ்சிடுச்சு. படம் எங்கே?"

"படமா?"

"குமிழ். அவரு கொண்டுவந்தாரு, நல்ல சிவப்பா. உன்கிட்ட என்ன இருக்கு?"

"என்கிட்ட உண்மைதான் மகாராஜா இருக்கு."

"அது என்ன நிறம்?"

காட்டெருமை மறுபடியும் தேய்க்கத் தொடங்கியது. சிங்கம் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தியது.

"இங்க பாரும்மா. பாதையை மூடறோம்னு மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. இப்ப அந்தக் கட்டுரை தப்புன்னு நான் எழுதினா, அப்ப அதை நம்பின நீ யாருன்னு என்னைக் கேட்பாங்க. அதனால தப்புங்கிற பேச்சே வேணாம். ஆனா புதுசா ஒரு கட்டுரை வந்தா அது வேற விஷயம். விஞ்ஞானம் முன்னேறிடுச்சுன்னு எழுதிடலாம். முன்னேற்றம்னா மேலிடத்துக்கு ரொம்பப் பிடிக்கும்."

"புதுக் கட்டுரை எப்ப வரணும்?"

"அமாவாசைக்கு முன்னாடி. சிவப்பா."

சடைச்சி வளைக்கு வந்து ஒரு கிழங்கு தின்றாள். தின்று முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. கிழங்கின் மிச்சத்தைப் புருஷனிடம் தள்ளிவிட்டு நாவல் மரத்துக்கு ஓடினாள்.

"ஐயா, அரிப்பே இல்லாம வைத்தியசாலைக்கு வந்தவங்க பேரைப் போடுங்க. பல்வலி, வயித்துவலி, பிள்ளைவலி. கீழே இருக்கிற கட்டத்தை எப்பவும் போலக் காலியா விட்டுடுங்க."

அழுத்தினார். வேறென்ன வரும்? முள்ளம்பன்றிப் பாதைமேல், முந்தினதைவிடப் பெரிதாக, சாயந்திரச் சூரியன் மாதிரி ஒரு குமிழ்.

பட்டப்பகலில் அம்பலவாணரின் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன. "அம்மா! உங்க பாதையில நடந்தா அரிப்பே வராது!"

"நடந்தா வராதுன்னு எழுதாதீங்கய்யா. அரிப்பு இல்லாதவங்க செறிவா இருக்காங்கன்னு எழுதுங்க."

"அடடா, நீங்க இந்தத் துறைக்கே பிறந்தவங்க! யார் பேரை முதல்ல போடுறது?"

"உங்க பேரையே போடுங்க. எனக்குப் பாதை இருந்தாப் போதும்."

"ஆனா போன கட்டுரையில அரிப்பு வரும்னு இருக்கு, இதுல வராதுன்னு இருக்கு. யாராவது கேட்டா?"

"யாரு படிக்கிறாங்க?" என்றாள் சடைச்சி. காட்டைச் சுற்றி வந்ததில் இது ஒன்றை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. முறை எங்கே, முறை எங்கே என்று நாயாய் அலைந்தவள் ஆயிற்றே! தன் யோசனையில் வருகிற கட்டுரையில் முறை இல்லாமல் இருப்பதா? உட்கார்ந்து, தன் முள்ளையே ஒன்றைப் பிடுங்கி, தேக்கிலையின் கீழ்ப்பாதி முழுக்க எழுதினாள். யார் பெயரை எங்கிருந்து எடுத்தது, எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது, அதனால் மீன்கள் எப்படி உள்ளே வந்தன, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள். அந்தக் காட்டில் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அப்படியொரு முறைப்பகுதி எழுதப்பட்டதில்லை. எழுதி முடித்ததும் அவளுக்கே முதுகு சிலிர்த்தது.

கட்டுரையை வாங்கிப் போகக் கொக்கு ஆசிரியர் தாமே வளைக்கு வந்தார். வாசலில் ஒற்றைக்காலில் நின்று படித்தார். குமிழைப் பார்த்ததும் கால் மாறத் துடித்தது. கீழே படிக்கப் படிக்க அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, இந்தக் கீழ்ப்பகுதி எதுக்கு?"

"படிக்கிறவங்களுக்கு எப்படிச் செஞ்சோம்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சா?"

"முதல் கட்டுரை தப்புன்னு புரியும்."

"அப்புறம்?"

"இதுவும் அதே மாதிரிதான்னு..." சடைச்சி நிறுத்தினாள்.

"அப்புறம்?"

கூரப்பன்தான் உள்ளேயிருந்து சொன்னான். "அப்புறம் ரெண்டு கட்டுரையும் போயிடும். ராஜா மேலிடத்துக்கு அனுப்பின அறிக்கை மட்டும் மிஞ்சும். நாளைக்கு அமாவாசைடி, யானைங்க கல்லு உருட்டிட்டு வர்ற சத்தம் கேட்குது."

உண்மையிலேயே கேட்டது. கடகடவென்று, கிழங்குக் கொல்லைப் பக்கமிருந்து.

"நான் வெறும் ஆசிரியன்," என்றார் கொக்கு. "எது வேணும்னாலும் போடுறேன். ஆனா சீக்கிரம் சொல்லுங்க, கால் மரத்துப்போச்சு."

சடைச்சி கட்டுரையைக் கையில் வாங்கினாள். தான் எழுதியதை ஒருமுறை மெதுவாகப் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு தேக்கிலையின் கீழ்ப்பாதியைப் பல்லால் கறக் கறக்கென்று கடித்தெடுத்து, மென்று, விழுங்கினாள். மிஞ்சிய ஓரத்தில், முள்ளின் நுனியால் ஒரே வரி எழுதினாள்: 'முன்னர் விவரிக்கப்பட்ட முறையில் ஆய்வு செய்யப்பட்டது.'

கொக்கு காலை மாற்றி ஊன்றினார்.

அவர் போன பிறகு கூரப்பன் கேட்டான். "எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் கசந்துச்சு," என்றாள்.

மறுநாள் உருண்டு வந்த கல் உருண்டபடியே திரும்பிப் போனது. 'அரிப்பு தீர்க்கும் பாதை' என்று வாயிலில் பலகை வைத்தார்கள். சிங்கம் கொடியை வெட்டித் திறந்துவைத்தது. முதல் அடியை விஞ்ஞானிதான் எடுத்து வைக்க வேண்டும் என்று கைதட்டி, அம்பலவாணரை மரத்திலிருந்து இறக்கினார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தரையில் கால் வைத்தவர், "இவ்வளவு கெட்டியாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, எது பாதை, எது பாறை என்று தெரியாமல் நின்றார். அதே வாரம் மழை கொட்டியது. சுணை அடங்கியது, அரிப்பு நின்றது. எல்லாம் பாதையின் மகிமை என்று அறிக்கை போயிற்று. சிங்கத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

பாதை பிழைத்தது. ஆனால் அதில் நடக்கக் கூட்டம் அலைமோதியது. டோக்கன் கொடுக்க ஒரு குரங்கை வேலைக்கு வைத்தார்கள். ஒருநாள் கொல்லையிலிருந்து கிழங்கோடு வந்த சடைச்சியை அது தடுத்தது.

"டோக்கன் எங்கே?"

"டோக்கனா? என் வீடு உள்ளே இருக்கு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. வரிசையில வாங்க."

சடைச்சி கிழங்கைக் கீழே வைத்தாள். திரும்பி நின்று, முள்ளையெல்லாம் விரித்து, ஒரு சிலுப்புச் சிலுப்பினாள். கலகலவென்ற சத்தத்தில் வரிசை பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டது. ஒட்ட நேரமில்லாதவர்களுக்கு ஆளுக்கொரு முள். அவள் கிழங்கை எடுத்துக்கொண்டு, தன் பாதையில், தன் வீட்டுக்கு, ராணி மாதிரி நடந்து போனாள். அதற்குப் பிறகு தினமும் இப்படித்தான்.

வைத்தியசாலையில் இப்போது முள் குத்தியவர்கள் கூட்டம். அதில், இறக்கிவிட்டதிலிருந்து எது பாதை என்று தேடிக்கொண்டிருந்த அம்பலவாணரும் ஒருவர், குத்தின இடம் சொல்லிக்கொள்கிற இடமில்லை. உட்கார முடியாமல் கிளையில் குப்புறப் படுத்தபடி, கோபத்தில், ஆயுளில் முதல் தடவையாக ஒரு ஆய்வை ஒழுங்காகச் செய்தார். வைத்தியசாலைக்கு வந்தவர்களில் முள் குத்தியவர் யார், குத்தாதவர் யார் என்று பிரித்தார். காலிக் கட்டத்தில் வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் போட்டார். மீனை விரட்டினார், வெள்ளத்தில் போனவர்களை வழியனுப்பினார். பாதையையும் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசையில் யார் எந்தத் துண்டில் நின்றார்கள் என்று பார்த்தார். அழுத்தினார். சடைச்சி வீட்டு வாசலில் மட்டும் ஒரு குமிழ், சிவப்பாக, ஐயத்துக்கே இடமில்லாமல் நின்றது. எப்படிச் செய்தேன் என்று ஒரு எழுத்து விடாமல் எழுதிக் கொக்குக்கு அனுப்பினார்.

கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியர் குறிப்பு: 'முறை தெளிவாகப் புரிகிறது. முடிவும் சரியாக இருக்கிறது. ஆகவே இதில் புதுமை ஒன்றுமில்லை. வருந்துகிறோம்.'

சேதி கேட்ட அன்று சடைச்சி வாசலில் உட்கார்ந்து, முள்ளை வரிசையாகக் கோதிவிட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்தாள். எல்லாரும் ஆற்றோரமாக ஒதுங்கி நின்று, ஆச்சு என்றார்கள்.

நீதி: தப்பான ஆய்வை உண்மையைச் சொல்லி அசைக்க முடியாது, அதே மாதிரி இன்னொரு தப்பான ஆய்வு செய்துதான் அசைக்க வேண்டும், எப்படிச் செய்தாய் என்பதை மட்டும் எழுதாதே, எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் எழுதித் தின்றுவிடு.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், தடையில்லை. யார் சொன்னது என்பதை மட்டும் மூச்சுவிடாதீர்கள். அந்தக் கொக்கு ஒற்றைக்காலில் என் வாசலில் வந்து நின்றால், அப்புறம் மாதக்கணக்கில் நகராது.